வாசகர் கேள்வி: போலந்தின் பூத்தூவும் வியாழன்

கேள்வி: என்னுடன் பணிபுரியும் போலந்து நாட்டுப் பெண்மணி, சிறுமியாக இருந்தபோது ஒரு வியாழக்கிழமைப் பவனியில் பூத்தூவியதை அடிக்கடி நினைவுகூர்கிறார். நம் பங்குகளில் நற்கருணைப் பவனி ஞாயிறன்று அல்லவா நடைபெறுகிறது? அவர் சொல்வது வேறு விழாவா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விழா ஒன்றுதான், கிழமைதான் வேறு. இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் துறவி ஜூலியானாவின் முயற்சியால் அந்த மறைமாவட்டத்தில் தொடங்கி, 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுமைக்கும் விதித்த கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா, மூவொரு கடவுள் ஞாயிற்றை அடுத்த வியாழனுக்கே உரியது. இந்தியா உட்பட, அன்று விடுமுறை இல்லாத நாடுகள் பலவற்றில் அது ஞாயிற்றுக்கு மாற்றப்பட்டது. போலந்தில் இன்றும் அந்த வியாழன் அரசு விடுமுறை நாள்.

உங்கள் தோழியின் நினைவு இவ்வளவு அழுத்தமாக இருப்பதற்கு, நாள்காட்டியே காரணம் என்பேன். அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதில், மே மாதத்தில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிறார்கள்; சில வாரங்களிலேயே இப்பெருவிழா வந்துவிடுவதால், அதே வெள்ளை உடையை மீண்டும் அணிந்து, இதழ்கள் நிறைந்த கூடையுடன், நற்கருணை வரும் விதானத்துக்கு முன்னே பூத்தூவி நடக்கும் பேறு சிறுமிகளுக்குக் கிடைக்கிறது. மற்ற விழாக்களில் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு, இந்த ஒரு விழாவில் பலரும் பார்க்க ஒரு பணி உண்டு.

பவனி, தெருக்களில் அமைத்த நான்கு பீடங்களில் நின்று செல்லும். ஒவ்வொன்றிலும் நற்செய்தி வாசிக்கப்படும். பீடங்களை அலங்கரித்த பிர்ச் மரக் கிளைகளை, இடியும் ஆலங்கட்டி மழையும் அண்டாது என்ற நம்பிக்கையில், மக்கள் ஒடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். குருத்தோலையை ஆண்டு முழுவதும் வீட்டில் வைத்திருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை.

அவர் ஐம்பதைக் கடந்தவரானால், இன்னொன்றையும் கேட்டுப்பாருங்கள். கம்யூனிச ஆட்சியில் இப்பவனிகளுக்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. கிராக்கோ நகரில் பவனியின் பழைய பாதை மறுக்கப்பட்டதை, பின்னாளில் இரண்டாம் யோவான் பவுல் ஆன பேராயர் வோய்த்தீவா வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசினார். அக்காலத்தில் பவனிக்குப் போவதே ஒரு நிலைப்பாடாக இருந்தது. கூடை ஏந்திய சிறுமிக்கு அது புரிந்திருக்குமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

பூவழகை நேரில் காண விரும்பினால், ஸ்பிச்சிமியெஷ் என்னும் சிற்றூர் ஏற்றது. அவ்வூரார் பவனிப் பாதை நெடுக மலர்க்கம்பளம் விரிக்கும் மரபு, 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.