ஏன் தப்பித்துப் போகவில்லை?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், அமெரிக்க அடிமை முறையைப் பற்றிப் படித்துவிட்டு, "அவ்வளவு பேர் இருந்தாங்களே, ஏம்மா தப்பிச்சுப் போகலை?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தப்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, சகோதரி. ஆனால் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? ராபர்ட் ஸ்மால்ஸின் வாழ்க்கையைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

1839-இல் தெற்குக் கரோலினாவின் பியூஃபர்ட் ஊரில், எஜமான் வீட்டுப் பின்கட்டில் பிறந்தவர். 12 வயதில் சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கூலி எஜமானுக்குப் போய்விடும். இவர் கைக்கு வாரம் 1 டாலர். ஓட்டலில் வேலை பார்த்த ஹன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டார். ஹன்னா வேறொருவருக்கு அடிமை. தாய் யாருடைய உடைமையோ பிள்ளையும் அவருடைய உடைமை என்றது அன்றைய சட்டம். அதனால் மகள் எலிசபெத் பிறக்கும்போதே இன்னொருவரின் சொத்து. நினைத்த நாளில் விற்றுவிடலாம். தாயையும் மகளையும் விடுவிக்க எஜமான் கேட்ட விலை 800 டாலர். ஸ்மால்ஸ் சேர்த்து வைத்திருந்தது 100. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். மீதி 700-ஐ எத்தனை வருடத்தில் சேர்ப்பார் என்று அவளே கணக்குப் போடட்டும்.

அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் இடையே உள்நாட்டுப் போர் வந்தது. தெற்குப் படைக்காக ஓடிய 'பிளாண்டர்' என்ற நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்தார் ஸ்மால்ஸ். 1862 மே 13, விடிவதற்கு முன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருந்த நேரம் பார்த்துக் கப்பலை எடுத்தார். நேரே கடலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இன்னொரு துறையில் ஹன்னாவும் குழந்தைகளும், கூட இருந்தவர்களின் குடும்பங்களும் ஒளிந்து காத்திருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்ட பிறகுதான் புறப்பட்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, ஒவ்வொரு கோட்டைக்கும் உரிய ஊதல் ஒலியைச் சரியாகக் கொடுத்துக் கடந்தார். பிடிபட்டால் கப்பலோடு மூழ்கிவிடுவது என்று எல்லோரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். வடக்கின் போர்க்கப்பல் தெரிந்ததும் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றினார்கள்.

இப்படி விடுதலை பெற்ற பிறகு, தான் அடிமையாகப் பிறந்த அந்த வீட்டையே ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். வளர்ந்த பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றார். 1868-இல் மாநில அரசியல் சட்டம் எழுதும் அவையில் உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

1895-இல் அதே மாநிலம் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கப் புதிய சட்டம் எழுதியது. ஸ்மால்ஸ் அவையிலேயே எதிர்த்துப் பேசினார், தோற்றார். அதையும் மறைக்காமல் மகளிடம் சொல்லுங்கள். அடுத்த கேள்வியோடு வருவாள், எனக்கு எழுதுங்கள்.