கணினிக்கு வந்த மெயில் போனில் ஏன் இல்லை?

கேள்வி: எங்கள் கடைக்கு சொந்த டொமைனில் மெயில் முகவரி இருக்கிறது. கடைக் கணினியில் அவுட்லுக்கைத் திறந்துவிட்டால், அந்த மெயில்கள் போனில் மறைந்துவிடுகின்றன. கணினியிலிருந்து அனுப்பியவையும் போனில் தெரிவதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை-11

பதில்: அறிகுறிகளைப் பார்த்தால் கடைக் கணினி ‘பாப்3’ முறையில் இணைக்கப்பட்டிருக்கிறது. அது இன்பாக்ஸை மட்டும் இறக்கிக்கொண்டு, நகலை விட்டுவைக்கும்படி அமைக்காவிட்டால், சர்வரில் (மெயில் சேவை நிறுவனத்தின் கணினியில்) இருப்பதை அழித்துவிடும். அனுப்பியவை அந்தக் கணினியிலேயே தங்கும். ‘ஐமேப்’ முறையில் எல்லா ஃபோல்டர்களும் சர்வரிலேயே இருக்கும். எந்தக் கருவியில் பார்த்தாலும் ஒன்றுபோலத் தெரியும்.

எனவே ஐமேப்புக்கு மாறுங்கள். மாறும்போது பழைய கணக்கை முதலில் நீக்காதீர்கள். பல வருட மெயில்கள் தொலைவது இங்கேதான். முதலில் அதன் அமைப்பில், சர்வரில் நகலை விட்டுவைக்கும் வசதியை டிக் செய்து, ‘14 நாளில் நீக்கு’ என்பது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையெனில் இன்பாக்ஸுக்கு வரும் மெயில்களை பாப்3 மறுபடி இழுத்து, சர்வரில் அழிக்கும்.

பிறகு அதே முகவரியை ஐமேப் கணக்காகச் சேருங்கள்: பெறுவதற்கு போர்ட் (இணைப்பு எண்) 993, எஸ்எஸ்எல் (மறையாக்கப் பாதுகாப்பு). அனுப்புவதற்கு போர்ட் 465 அல்லது 587. பழைய மெயில்களைச் சில நூறுகளாக, புதிய கணக்கில் தனி ஃபோல்டருக்கு நகலெடுங்கள்; மொத்தமாகத் தள்ளினால் பாதியில் நின்றுவிடக்கூடும். பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பாப்3 கணக்கை நீக்கலாம்.

சர்வரில் இடம் எவ்வளவு என்று மெயில் சேவை நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; நிரம்பினால் புது மெயில் திரும்பிப் போய்விடும். இனி போனில் அழித்தால் கணினியிலும் அழியும். இதைக் கடை ஊழியர்களுக்கும் சொல்லிவையுங்கள்.