கோலாட்டத்தில் நகாசு: சுற்றலாமா, கூடாதா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் நவராத்திரிக்காக 16 பேர் கோலாட்டம் பழகுகிறோம். உள்வட்டத்தில் 8 பேர், வெளிவட்டத்தில் 8 பேர். ஜோடி மாறிக்கொண்டே இருக்கும். சிறுவயதில் பரதம் கற்றவள் என்பதால், தட்டுகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி, கோலையும் விரலிடுக்கில் சுழற்றி ஆடுகிறேன். பார்ப்பவர்கள் ரசிக்கிறார்கள். எதிரில் வருபவர்களோ முகம் சுளிக்கிறார்கள். பொறாமையா, என் தவறா? இந்த ஆண்டு, மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்து ஆடியபடியே பின்னும் பின்னல் கோலாட்டமும் உண்டு. அதில் சுற்றலாமா?

பதில்: பொறாமை என்று முடிவுகட்டும் முன் ஒரு சோதனை. அடுத்த ஒத்திகையைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். உங்களைப் பார்க்க வேண்டாம். எதிரில் நிற்பவரின் கோலைப் பாருங்கள். அது உங்கள் கோலுக்காக அந்தரத்தில் காத்துக்கொண்டிருந்தால் தவறு உங்களுடையதுதான்.

தன் கோல்களை ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் தட்டு அவரவர் சொத்து. ஜோடியின் கோலில் விழும் தட்டு பொதுச்சொத்து. நகாசு எதுவானாலும் சொந்தத் தட்டின் நேரத்துக்குள் தொடங்கி, அதற்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். நீங்கள் அரைத் தட்டு பிந்தினால், உங்கள் ஜோடி தன் அடுத்த ஜோடியிடம் அரைத் தட்டு பிந்திப் போவார். இரண்டு மூன்று மாற்றத்துக்குள் வட்டமே தடுமாறும். யார் தொடங்கி வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பாட்டு வேகமெடுத்து இரண்டாம் காலத்துக்குப் போகும்போது கையில் இருக்கும் நேரம் பாதியாகிவிடும். அங்கே சுற்றை விட்டுவிடுங்கள்.

கோலைச் சுழற்றுவது மட்டும் எனக்கு எப்போதுமே ஆகாது. எதிரில் இருப்பவர், உங்கள் கோல் எங்கே இருக்கும் என்று நம்பித்தான் தன் கோலை வீசுகிறார். மேல்முனையை ஒட்டி இரண்டும் மோத வேண்டும். கோணம் சற்றே மாறினாலும் அவர் கோல் வழுக்கி நேராக விரலுக்கு வந்துவிடும். என்னோடு ஆடிய ஒருவர் கடைசி நொடியில் கோலைத் திருப்பியதில் என் நடுவிரல் நகம் கறுத்து உதிர்ந்தது. புது நகம் வளர மாதக்கணக்கில் ஆயிற்று. வியர்த்த கையில் கோல் நழுவினால், சுற்றி உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் மேல் போய் விழும். கும்மியில் தட்டுவது நம் கையை நாமே என்பதால் இந்த ஆபத்து இல்லை.

ஆளைப் பார்த்தும் ஆட வேண்டும். உதட்டுக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொண்டே வருபவருக்கு வெறும் அடியைக் கொடுங்கள். நீங்கள் சுற்றுவதைப் பார்த்தாலே அவருக்கு எண்ணிக்கை போய்விடும். முழங்கால் வலியோடு ஆடும் மாமியிடமும் அப்படித்தான். நன்றாக ஆடுபவராக இருந்தாலும், “இந்த இடத்தில் ஒரு சுற்றுப் போடட்டுமா?” என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, பல்லவி திரும்பும் இடத்தில் 16 பேரும் சேர்ந்து சுற்றுவது. பதினைந்து பேர் நிற்க ஒருவர் சுற்றுவதை விட அது எவ்வளவோ அழகு. மற்ற இடங்களில் பரதம் கற்ற உங்களுக்குக் கழுத்தும் கண்ணும் இருக்கவே இருக்கின்றன; அவை யாருடைய நேரத்தையும் தின்பதில்லை.

இனி பின்னல். இங்கே பதில் கறார்: சுற்றக் கூடாது. நின்ற இடத்தில் சுற்றினால் மேலிருந்து வரும் கயிறு உங்கள் தோளிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். ஆர்வத்தில் ஜோடியை ஒரு வட்டம் கூடுதலாகச் சுற்றி வந்தால் அதைவிட மோசம்: பின்னலில் ஒரு முடிச்சு அதிகமாகிவிடும். வந்த வழியே திரும்பி ஆடித்தான் பின்னலை அவிழ்க்கிறோம். நீங்கள் போட்ட அந்தக் கூடுதல் சுற்று மற்றவர்கள் கணக்கில் இல்லாததால், அவிழ்ப்பு அந்த இடத்தில் சிக்கி நிற்கும். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு ஏறிப் பிரிக்க வேண்டியதுதான். முதல் சில ஒத்திகைகளுக்கு ஆளுக்கொரு நிறத்தில் கயிறு கட்டுங்கள். சுற்றியது யார் என்று பின்னலே காட்டிக்கொடுத்துவிடும்.