மார்செய் நகரில் புய்யாபேஸ்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, தென் பிரான்சின் மார்செய் நகருக்கு மூன்று நாள் பயணம் போகிறோம். அங்கே பெயர்பெற்ற மீன் குழம்பான புய்யாபேஸ் சாப்பிட முன்பதிவு தேவையா?

தேவை. நல்ல உணவகங்கள் அன்றைய மீனைப் பார்த்துத்தான் சமைக்கும். ஒரு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், சில இடங்களில் இரண்டு நாள். குறைந்தது இருவருக்கு என்றுதான் பெரும்பாலும் சமைப்பார்கள்.

கேள்வி: துறைமுக வீதியில் 20 யூரோவுக்கே கிடைக்கும் என்கிறார்களே?

அந்த விலைப் பலகைகளை நம்பாதீர்கள். முறையாகச் சமைத்ததற்கு ஒருவருக்கு 60 யூரோவாவது ஆகும், 80ஐத் தாண்டுவதும் உண்டு. காரணம் மீன்தான். போலிகள் பெருகியதால் 1980இல் மார்செய் உணவகக்காரர்கள் சிலர் கூடி ஒரு சாசனமே எழுதினார்கள். ராஸ்காஸ் என்ற முள்மீன், கடல் விலாங்கு, சான் பியர் என்ற மீன் என ஒரு பட்டியல் போட்டு, அதிலிருந்து குறைந்தது நான்கு வகையாவது சேர வேண்டும் என்றார்கள். விற்காமல் மிஞ்சிய முள்மீன்களை மீனவர்கள் கரையிலேயே கொதிக்கவைத்துக் குடித்த குழம்புதான் இது. அதற்கு இன்று இந்த விலை என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் ராஸ்காஸ் இப்போது மலிவான மீன் இல்லை. கையிருப்பு குறைவென்றால் 'சூப் த புவாசோன்' என்ற மீன் சூப்பைக் கேளுங்கள். அதுவும் நல்ல உணவு, பெயரை மாற்றி ஏமாற்றாத உணவு.

கேள்வி: அதை எப்படிச் சாப்பிடுவது? சூப்பும் மீனும் தனித்தனியாக வருமாமே.

ஆம், இரண்டு தட்டுகளாக வரும். முதலில் குங்குமப்பூ மணக்கும் சூப். கூடவே வறுத்த ரொட்டித் துண்டுகள், உரித்த பூண்டுப் பல், 'ரூய்' என்ற சாந்து. ரூய் என்றால் துரு. பூண்டும் மிளகாயும் குங்குமப்பூவும் ஆலிவ் எண்ணெயில் குழைந்து அந்த நிறத்தில் இருக்கும். ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, ரூயைத் தடவி, சூப்பில் மிதக்கவிட்டு, அது ஊறி நொறுங்குவதற்குள் வாயில் போட வேண்டும். பிறகு மீனை முழுதாகத் தட்டில் கொண்டுவந்து காட்டி, உங்கள் கண்ணெதிரிலேயே முள் நீக்கித் தருவார்கள். அப்போது கைபேசியைப் பார்க்காதீர்கள், அந்தக் கைவேலையைப் பாருங்கள். சூப் தீர்ந்தால் இன்னும் கேட்கலாம், பெரும்பாலான இடங்களில் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரிக்கும் 'பனிஸ்' மார்செய்யில் பிரபலம், நமக்கு உடனே பிடித்துவிடும். கத்தரிக்காயும் சுரைக்காய் இனத்துக் காயும் சேர்ந்த 'ரத்தத்தூய்' என்ற காய்க் கூட்டு இருக்கிறது. கவனமாக இருக்க வேண்டியது 'தப்பனாட்' என்ற ஆலிவ் துவையலில்: வழக்கமாக அதில் நெத்திலி அரைத்திருக்கும். சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்கு வரலாம், காய்கறி சூப்பிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு மூன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 'டோப்' என்ற பெயரைக் கண்டால் விலகிவிடுங்கள். அது மதுவில் ஊறி வெந்த மாட்டிறைச்சி.

கேள்வி: மெனுவில் 'ஆன்த்ரே' என்று இருப்பதுதான் முக்கிய உணவா?

இல்லை, அது தொடக்க உணவு. முக்கிய உணவு 'ப்ளா'.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு? தண்ணீருக்குக் காசு உண்டா?

சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம். 'ய்ன் கராஃப் தோ' (ஒரு குடுவைத் தண்ணீர்) என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். வெறும் "தண்ணீர்" என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும்.

கேள்வி: போன முறை ஓர் உணவகத்தில் அரை மணி நேரமாக யாரும் பில் கொண்டுவரவில்லை. எங்களை மதிக்கவில்லையோ என்று அம்மா வருந்தினார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அது மரியாதைதான். கேட்காமல் பில்லை வைத்தால் எழுந்து போகச் சொல்வதாக ஆகிவிடும். 'லதிசியோன், சில் வூ ப்ளே' (தயவுசெய்து பில் கொடுங்கள்) என்று நீங்களே கேட்க வேண்டும். அவமதிப்பு என்று அங்கே கருதப்படுவது வேறொன்று: உள்ளே நுழையும்போது 'போன்ழூர்' (வணக்கம்) சொல்லாமல் நேரே நாற்காலியில் உட்காருவது. அடுத்த முறை அம்மாவையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.