வண்டி என்ன வேகத்தில் வந்தது? டயர் தடமும் கணக்கும்: கேள்வி பதில்

விபத்து நடந்த இடத்தை அளந்து, மோதலுக்கு முன் வண்டி என்ன வேகத்தில் வந்திருக்கும் என்று கணக்கிடுவது பல வருடங்களாக என் வேலை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர், சேலம்): சார், ரோட்டில் கிடக்கும் டயர் தடத்தை வைத்து வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே இயற்பியல்தான் தம்பி. ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக்கை அழுத்திச் சக்கரம் பூட்டிக்கொண்டால், அந்த ஆற்றல் முழுவதும் டயருக்கும் தாருக்கும் நடுவே உராய்வாகக் கரைய வேண்டும். இரண்டையும் சமன் செய்தால் கிடைப்பது: வேகம் (மணிக்கு கி.மீ.) = 15.95 × √(உராய்வுக் கெழு × தடத்தின் நீளம் மீட்டரில்). உராய்வுக் கெழு என்பது ரோடு டயரை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண்.

தடம் 24 மீட்டர், காய்ந்த தார் ரோடு, உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் சுமார் 65 கி.மீ. வருகிறது. ஆனால் கெழு 0.6 ஆக இருந்தால் 60, 0.8 ஆக இருந்தால் 70. அதனால் நான் அறிக்கையில் "65" என்று ஒற்றை எண்ணாக எழுதவே மாட்டேன், "60 முதல் 70 வரை" என்றுதான் எழுதுவேன். சக்கரம் பூட்டுவதற்கு முன்பே பிரேக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்திருக்கும், அந்த நேரத்தில் தடம் தெளிவாக விழாது. ஆகவே தடம் காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் சற்றுக் கூடவே இருக்கும்.

கேள்வி (அதே மாணவர்): அந்த 0.7 எங்கிருந்து வருகிறது? புத்தகத்தில் பார்த்து எழுதுவீர்களா?

நல்ல கேள்வி. எழுதக் கூடாது. அதே ரோட்டில், அதே மாதிரி டயர் போட்ட வண்டியை 40 கி.மீ. வேகத்தில் ஓட்டி பிரேக் அடித்து, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளப்போம். 9 மீட்டரில் நின்றால் கெழு 0.7. மழை பெய்து ஈரமாக இருந்த ரோட்டைக் காய்ந்த பிறகு சோதித்தால் கணக்கே தப்பாகிவிடும். மணல் தூவிக் கிடக்கும் வளைவு, டீசல் சிந்திய இடம், தேய்ந்து மழமழவென்று ஆன தார் எல்லாம் தனித்தனிக் கணக்கு. சரிவும் உண்டு. 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் ரோட்டில் கெழுவிலிருந்து 0.05 கழிக்க வேண்டும்.

கேள்வி (லாரி உரிமையாளர், நாமக்கல்): லோடு ஏற்றிய வண்டி கனமாக இருக்கும், அதனால் தடமும் நீளமாகத்தானே விழும்?

கணக்குப்படி எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது. எடை கூடினால் ஆற்றல் கூடுகிறது, அதே அளவுக்கு உராய்வு விசையும் கூடுகிறது. ஆனால் நீங்கள் கண்ணால் பார்ப்பதும் பொய்யில்லை. லாரி டயரின் ரப்பர் கார் டயரைவிடக் கெட்டி, அதன் பிடிமானம் குறைவு. ஏர் பிரேக்கில் காற்று போய்ச் சேரவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எல்லாச் சக்கரமும் சமமாகப் பிடிப்பதும் அபூர்வம். அதனால் காருக்குப் போடும் கெழுவை லாரிக்குப் போட்டால் வேகம் கூடுதலாக வந்து, உங்கள் டிரைவர் மேல் அநியாயமாகப் பழி விழும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கோவை வாசகர்): 20 மீட்டர் தடம் இழுத்து, அப்புறம் பாலத்துச் சுவரில் மோதியது கார். தடத்துக்கு 60, சுவரில் மோதியது 30 என்றால் மொத்தம் 90 தானே?

இல்லை. இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். கூட்ட வேண்டியது ஆற்றலை, வேகத்தை அல்ல. ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும். 60இன் இருபடி 3600, 30இன் இருபடி 900. கூட்டி மூலம் எடுத்தால் 67 கி.மீ. தொண்ணூறுக்கும் அறுபத்தேழுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒருவருடைய வாழ்க்கையே மாறிப்போகலாம்.

கேள்வி (திருச்சி வாசகி): நிறுத்தியிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடித்து, இரண்டும் சேர்ந்தே 8 மீட்டர் தள்ளிப் போய் நின்றன. வேகம் தெரியுமா?

இதற்கு உந்த அழிவின்மை விதி. உந்தம் என்றால் எடையை வேகத்தால் பெருக்கியது. மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் ஒன்றே. இடித்த கார் 1200 கிலோ, உங்கள் கார் 1000 கிலோ என்று வைப்போம். எல்லாச் சக்கரமும் பூட்டிச் சறுக்கியிருந்தால், கெழு 0.7 என்று வைத்து, 8 மீட்டருக்கு, மோதிய நொடிக்குப் பின் இரண்டும் சேர்ந்து போன வேகம் சுமார் 38. அதை 2200/1200 ஆல் பெருக்கினால், இடித்த கார் வந்த வேகம் சுமார் 69.

ஆனால் உங்கள் கார் ஹேண்ட் பிரேக்கில் இருந்தால் பெரும்பாலும் பின்சக்கரம் மட்டும்தான் பூட்டியிருக்கும். முன்சக்கரம் உருண்டிருக்கும். இரண்டு வண்டியும் சேர்ந்து பாதிப் பிடிமானத்தில்தான் போயிருந்தால், அதே 8 மீட்டருக்கு விடை 49 ஆக இறங்கிவிடும். அதனால் எந்தச் சக்கரம் கறுப்புக் கோடு போட்டது என்று போட்டோவில் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): என் தம்பியின் பைக் லாரியில் மோதியது. தம்பி இப்போது இல்லை. லாரி தள்ளிப்போன தூரத்தை வைத்து "பைக் 100க்கு மேல் வந்தது" என்கிறார்கள். நம்பலாமா?

உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன். இந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொன்னால் நம்ப வேண்டாம். லாரி 16,000 கிலோ, பைக்கும் ஓட்டியவரும் சேர்ந்து 200 கிலோ என்றால், எடை விகிதம் 80. லாரியின் வேகத்தை வெறும் அரை கிலோமீட்டர் தப்பாக மதிப்பிட்டால் பைக்கின் வேகம் 40 கி.மீ. தப்பாக வரும். இந்த இடத்தில் உந்தக் கணக்கு உதவாது.

பைக் விழுந்து இழுபட்ட கீறலைப் பாருங்கள். கால் வைக்கும் கம்பியும் ஹேண்டில் நுனியும் தாரைச் சுரண்டியிருக்கும், தார்த் துகளும் அதில் ஒட்டியிருக்கும். கீறல் 15 மீட்டர் என்றால், கெழு 0.4இலிருந்து 0.6 வரை வைத்து, விழுந்த நேரத்து வேகம் 39 முதல் 48. லாரியில் மோதி நசுங்கிய ஆற்றலை இதோடு தனியாகச் சேர்க்க வேண்டும். வண்டி இன்னும் ஸ்டேஷனில் இருந்தால், அதை விடுவிக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் வண்டியில் தடமே விழாதாமே?

ஏபிஎஸ் என்பது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. தடம் மங்கலாக, விட்டு விட்டு விழும். வெயில் எதிரே இருக்கும்போது தரையோடு தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தையும் பிரேக் அழுத்தியதையும் பதிந்து வைத்திருக்கும்.

கேள்வி: சிசிடிவி இருந்தால் போதுமா?

இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே டேப் போட்டு அளந்தால் 12 மீட்டர். நொடிக்கு 25 பிரேம் ஓடும் கேமராவில் கார் அந்தத் தூரத்தை 18 பிரேமில் கடந்தால், 60 கி.மீ. ஒரு பிரேம் முன்னே பின்னே போனால் 57 முதல் 64 வரை. ஆனால் பல கடைகளின் கேமரா இடையிடையே பிரேமை விட்டுவிடும். 25 என்று மெனுவில் எழுதியிருப்பதை நம்பாமல், திரையில் ஓடும் கடிகாரத்தின் ஒரு நொடிக்கு எத்தனை பிரேம் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்பீடோமீட்டர் முள் 90இல் நின்றுவிட்டது. அதுவே சாட்சியா?

தனியாக ஆகாது. மோதிய அதிர்ச்சியில் முள் நகரலாம். மற்ற கணக்கோடு ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை): சாட்சி "அதிவேகமாக வந்தது" என்று சொன்னாலே போதாதா?

போதாது. கர்நாடகத்து லாரி வழக்கு ஒன்றில் 1998இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது: அதிவேகம் என்பது ஒப்பீட்டுச் சொல், அதை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவு கட்ட முடியாது. அறுபது நெடுஞ்சாலையில் சாதாரணம், பள்ளிக்கூட வாசலில் பயங்கரம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281 (அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவது), 106 (அஜாக்கிரதையால் மரணம்) பிரிவுகளில் வழக்கு வந்தாலும், விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் தடத்தின் நீளம் மீட்டரில் இருந்தால்தான் நீதிமன்றத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கேள்வி: விபத்து நடந்த இடத்தில் நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் 108. ஆட்களைக் காப்பாற்றிய பிறகு, போலீஸ் அனுமதித்தால், போனை எடுங்கள். தடம் தொடங்கும் இடம், முடியும் இடம், நடுவில் அது வெடுக்கென்று திரும்பியிருக்கும் இடம், மூன்றையும் படம் எடுங்கள். வெடுக்கென்று திரும்பிய அந்த இடத்தில்தான் பெரும்பாலும் மோதல் நடந்திருக்கும். பக்கத்தில் மைல்கல்லோ கடைப் பலகையோ படத்தில் வரட்டும். நீளத்தைக் காலடியாலாவது அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் காலடியை டேப்பால் அளக்கலாம். போக்குவரத்து ஓடும் ரோட்டில் அந்தக் கறுப்புக் கோடு நாளுக்கு நாள் மங்கும், ஒரு மழை வந்தால் பிறகு அளக்க ஒன்றும் இருக்காது.