ஆழ்கடல் தரையில் கிடக்கும் கனிமங்கள் யாருக்குச் சொந்தம்? நாடுகள் கூடி அதை நிர்வகிப்பது நடக்கிற காரியமா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "வல்லரசு ஒன்று தனியாக அள்ளிக்கொண்டு போனால் யார் தடுக்கப்போகிறார்கள்?" அந்த வரிக்குத்தான் நான் பதில் எழுத வந்தேன். மற்றது முன்கதை.

நான் வக்கீலும் இல்லை, கடல் விஞ்ஞானியும் இல்லை. செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம், பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு பழைய வளவு வீட்டில் பங்குள்ள ஆள். இப்போது அந்த வீட்டுக்கு 34 புள்ளி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் நகரத்தாரில் கல்யாணமான ஆண் ஒருவரின் குடும்பம் ஒரு புள்ளி. அமெரிக்காவில் இருந்தாலும் ஒரு புள்ளி, ஆத்தங்குடியில் இருந்தாலும் ஒரு புள்ளி. கோயில் வரியும் வீட்டுச் செலவும் அந்தக் கணக்கில்தான். எங்கள் வீட்டின் பொதுக் கணக்கை ஒன்பது வருஷமாக நான்தான் எழுதுகிறேன். கடல் சட்டத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

சட்டம் சொல்வது இது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்குப் பொருளாதார உரிமை. கண்டத்திட்டு, அதாவது கரை நிலம் கடலுக்கடியில் தொடரும் பகுதி, நீண்டு போனால் தரையின் மேல் இன்னும் கொஞ்ச தூரம் உரிமை கேட்கலாம். அதற்கு அப்பால் இருக்கும் தரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. உலகக் கடலடித் தரையில் பாதிக்கு மேல் இப்படிக் கிடக்கிறது. 1967 நவம்பர் 1 அன்று மால்டா நாட்டுத் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா. சபையில் பேசி, இதை மனிதகுலத்தின் பொதுச்சொத்தாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். மால்டா விடுதலை வாங்கி மூன்றே வருஷம் ஆகியிருந்த நேரம் அது. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 136-ஆவது பிரிவு அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. அடுத்த பிரிவு, 137, அதைவிட முக்கியம்: எந்த நாடும் எந்தக் கம்பெனியும் இதில் ஒரு துண்டைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாது, சொன்னாலும் மற்றவர்கள் ஏற்கக் கூடாது. இந்தக் கடைசிப் பாதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்துக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சர்வதேசக் கடற்படுகை ஆணையம் இருக்கிறது. அதன் பேரவையில் நாட்டுக்கு ஒரு ஓட்டு. 21 சதுர கிலோமீட்டர் நவுரு தீவுக்கும் ஒன்று, சீனாவுக்கும் ஒன்று, எங்கள் புள்ளி மாதிரியே. ஆனால் அன்றாட முடிவு எடுப்பது 36 பேர் கொண்ட மன்றம். அங்கே கனிமம் நிறைய வாங்கும் நாடு, பணம் போட்ட நாடு, ஏற்றுமதி செய்யும் நாடு என்று தனித்தனி நாற்காலி. எல்லோருக்கும் சமம் என்று பேரேட்டில் எழுதிவிட்டு, பேச்சு நடக்கிற பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) மட்டும் சிலருக்கு முன்வரிசை போடுவது எங்களுக்கும் பழக்கம்தான்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. எங்கள் ஆச்சி ஒரு சீயம் பலகாரத்தை இரண்டு பேரனுக்குக் கொடுத்தால், "ஒருத்தன் பிட்டு வை, இன்னொருத்தன் எடு" என்பார். சண்டையே வராது. கடலிலும் அதேதான். ஒரு நாடோ கம்பெனியோ இடம் கேட்டால், சம மதிப்புள்ள இரண்டு பாகமாகத் தேடிக் காட்ட வேண்டும். ஒன்றை ஆணையம் எடுத்துவைத்துக்கொள்ளும், வளரும் நாடுகளுக்காக. இந்தியாவும் இந்த வழியாகத்தான் போனது. 1987-இல் முன்னோடி முதலீட்டாளராகப் பதிவான முதல் நாடே நாம்தான். மத்திய இந்தியப் பெருங்கடலில் தன் பாகமாகக் கிடைத்த 1,50,000 சதுர கிலோமீட்டரிலும் பாதியைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, 75,000-ஐ வைத்துக்கொண்டு, 2002-இல் ஆய்வு ஒப்பந்தம் போட்டது.

ஆனால் அப்படி எடுத்துவைத்த பாகத்துக்கு என்ன ஆனது தெரியுமா? பசிபிக்கில் நவுரு, டோங்கா மாதிரியான சின்ன நாடுகள் அதைக் கேட்டு வாங்கின. விண்ணப்பத்துக்குப் பரிந்துரை அந்த நாடுகளுடையது, பணமும் கப்பலும் கனடாக் கம்பெனி ஒன்றினுடையது. நம் ஊரில் இதற்கு ஒரு பேர் உண்டு. சட்டப்படி சரியான ஏற்பாடுதான் என்பதால் அந்தப் பேரைச் சொல்லாமல் விடுகிறேன்.

2021-இல் நவுரு இன்னொரு வேலை செய்தது. தோண்டும் விதிகளை இரண்டு வருஷத்தில் முடியுங்கள் என்று கெடு வைத்தது. அப்படிக் கேட்க உடன்பாட்டில் இடம் இருக்கிறது. 2023 ஜூலையில் கெடு முடிந்தது, விதி முடியவில்லை. இன்றுவரை ஆய்வுக்குத்தான் ஒப்பந்தம், வணிகமாகத் தோண்ட ஆணையம் யாருக்கும் உரிமம் கொடுத்ததில்லை. லாபத்தை எப்படிப் பங்கு வைப்பது என்பதுகூட முடிவாகவில்லை. அதைப் பேசாமல் தோண்டுவதைப் பற்றி மட்டும் அவசரப்படுவது எனக்குப் புரியவே இல்லை.

அப்படி என்னதான் கிடக்கிறது? 4,000 முதல் 6,000 மீட்டர் ஆழத்தில் உருளைக்கிழங்கு அளவுக்குக் கறுப்புக் கட்டிகள். சுறாப் பல் மாதிரி ஏதோ ஒரு துணுக்கைச் சுற்றி, வெங்காயம் போல வளையம் வளையமாக மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் படிந்தவை. பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பெரு நாட்டுக்கு அப்பால் 1989-இல் சோதனைக்காகத் தரையை உழுதுபார்த்தார்கள். 26 வருஷம் கழித்துப் போனபோது அந்த உழவுத் தடம் அப்படியே இருந்தது. இங்கேதான் என் வீட்டு உவமை உதைக்கிறது. வீட்டுத் தூண் போனால் இன்னொரு தூண் செய்யலாம், தேக்கு இருக்கிறது, ஆசாரி இருக்கிறார்.

பேட்டரிக்கு இதெல்லாம் வேண்டுமே என்பார்கள். காரைக்குடிக்காரர்களுக்கு பேட்டரி புதிதில்லை, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நிற்கிறது. நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இன்று எத்தனையோ வண்டிகளில் ஓடுகின்றன. தேவை இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. தலை போகிற அவசரம் இல்லை என்கிறேன்.

நம் நாடும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2021-இல் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வராகா இயந்திரம் 5,270 மீட்டர் ஆழத்தில் தரையில் ஓடிப் பார்த்தது. 2024 ஜனவரியில் அஃபனாசி நிகிடின் என்ற கடலடி மலையில் கோபால்ட் தேட இந்தியா ஆணையத்திடம் விண்ணப்பித்தது. சிக்கல் என்னவென்றால், 2009-லேயே இலங்கை தன் கண்டத்திட்டு என்று கேட்டிருக்கும் எல்லைக்குள் அந்த மலை வருகிறது. கண்டத்திட்டு எல்லையைப் பார்ப்பது வேறொரு ஐ.நா. குழு. அது தீராமல் அந்த இடம் பொதுவா தனியா என்றே யாரும் சொல்ல முடியாது. அவசரப்படாமல் இருப்பதுதான் நமக்கு அழகு, நாளைக்கு இதே விதி நமக்கும் வேண்டும்.

சரி, வல்லரசு விஷயம். அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. அதைச் சேர்ப்பதற்காகவே 1994-இல் துணை உடன்பாடு போட்டு, தொழில்நுட்பத்தைக் கட்டாயம் பகிர வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட எடுத்தார்கள். அப்படியும் வரவில்லை. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை போட்டார்: அமெரிக்காவின் 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுக் கடலடியிலும் உரிமம் கொடுப்பதை விரைவுபடுத்துங்கள் என்று. நவுருவோடு இருந்த அதே கம்பெனி சில நாளிலேயே அங்கே விண்ணப்பித்தது. ஆணையமும் பல நாடுகளும் கண்டித்தன. கண்டித்து என்ன ஆகும், ஆணையத்துக்குப் போலீஸா இருக்கிறது என்று நீங்கள் கேட்பது புரிகிறது.

எங்கள் வீட்டுக்கும் போலீஸ் கிடையாது. சில வருஷம் முன்பு படைப்புக்காக, அதாவது முன்னோருக்குப் படையல் போட, கூடி வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியைத் திறந்தபோது, வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கியிருந்த தேக்குப் பலகையைக் காணவில்லை. நூறு வருஷப் புகை படிந்த சுவரில் பலகை அளவுக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று ஒரு சதுரம். எடுத்தவர் ஒரு பங்காளி அண்ணன்தான். மறைக்கவும் இல்லை. "எனக்கும் பங்கு இருக்குல்ல, என் பங்கைத்தான் எடுத்தேன்" என்றார். அமெரிக்காவின் வாதமும் சுருக்கமாக இதுதான்: பொதுக் கடல், எங்களுக்கும் உரிமை உண்டு.

சத்தம் போட்டோம், அவர் அசையவில்லை. பலகை ஒரு பழஞ்சாமான் கடைக்குப் போயிருந்தது. ஆனால் அங்கேயே இரண்டு வருஷம் கிடந்தது. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தவரும் உள்ளூர் ஓட்டல்காரரும் கேட்டது ஒன்றே: எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? இல்லை என்றதும் இருவரும் பின்வாங்கிவிட்டார்கள். வில்லங்கம் என்று வந்துவிட்டால், வாங்குகிறவனுக்குத்தான் முதலில் பயம். 137-ஆவது பிரிவின் அந்தப் பின்பாதி செய்வது இதைத்தான். உடன்படிக்கைப்படி 160-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்கக் கூடாத உரிமத்தை நம்பி, கோடிக்கணக்கில் கடன் கொடுக்கும் வங்கியும் காப்பீடு கொடுக்கும் கம்பெனியும் கட்டியை உருக்கித் தரும் ஆலையும் யோசிக்கும். யோசிக்காமலும் போகலாம், வாங்குவதற்கு ஒரு பெரிய நாடே நின்றால் கதை வேறு. ஆனால் தடுப்பு என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது, கப்பற்படையில் இல்லை.

பின்னூட்டத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் கடைசியில் எனக்கே போன் செய்தார், கொடுத்த பணத்தை அந்த அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டு பலகையைத் திருப்பி அனுப்பினார். போன படைப்பிலிருந்து அது பட்டாலைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. மறுபடி ஏற்றிப் பொருத்த ஆசாரி கூலி கேட்கிறார், அதைப் பொதுக் கணக்கில் எழுதுவதா அண்ணன் கணக்கில் எழுதுவதா என்று 34 புள்ளியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.