இறந்த அப்பா கணக்கில் வந்த கிசான் பணம்: திருப்பிக் கட்ட வேண்டுமா?

கேள்வி: அப்பா 2023இல் இறந்துவிட்டார். இரண்டு ஏக்கர் நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதன்பிறகும் மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் உதவிப் பணம் மூன்று தவணை அவர் கணக்கில் ஏறியது. ஏ.டி.எம். கார்டை வைத்து எடுத்துச் செலவழித்துவிட்டோம். இப்போது வேளாண்மை அலுவலகத்தில் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். இனி என் பெயருக்குப் பணம் வர, கட்டிக்கொடுத்த இரண்டு தங்கைகளையும் விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வாங்கலாமா? (வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: வாங்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவது குற்றம். தங்கைகள் ஒரு மனு போட்டாலே அந்தச் சான்றிதழ் ரத்தாகிவிடலாம், அதை வைத்து மாற்றிய பட்டாவும் கூடவே போகும்.

இத்தனைக்கும், இதனால் உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை. இத்திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டுமே. நீங்கள் ஒரு குடும்பம், அம்மா ஒரு குடும்பம், தங்கைகள் தனித்தனிக் குடும்பம். கூட்டுப் பட்டாவில் பெயருள்ள ஒவ்வொரு குடும்பமும் வருடம் 6,000 ரூபாய்க்குத் தனியாகத் தகுதி பெறும். தங்கை பெயர் சேர்ந்தால் உங்களுக்கு வரும் கிசான் பணம் குறையாது. அவர் வீட்டில் யாராவது வருமான வரி கட்டினாலோ, கடைநிலை ஊழியர் அல்லாத அரசு வேலையில் இருந்தாலோ அவருக்குத்தான் பணம் வராது.

அப்பா உயில் எழுதவில்லை, நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கைகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்தால் அவருக்கும் உண்டு. பலர் இவரை மறந்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை இருக்கிறது. கல்யாணமாகிவிட்டதால் அது போய்விடாது. தங்கைகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது செல்லாது.

பணத்தைக் கட்டிவிடுங்கள். பயனாளி இறந்தபின் வந்த தவணை குடும்பத்துக்குச் சேராது. மூன்று தவணைக்கு 6,000 ரூபாய்தான். வேளாண்மை அலுவலகம் சொல்லும் கணக்கில் செலுத்தி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் மாவட்டத்தில் 2020இல் தகுதியில்லாதவர்கள் பெயரில் இந்தப் பணம் போனதை சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது நினைவிருக்கும். அலட்சியமாக விடும் விஷயமில்லை இது. வங்கிக்கும் இறப்புச் சான்றிதழ் கொடுத்து அப்பா கணக்கை முடித்துவிடுங்கள். அந்த கார்டை இனி தொடவே வேண்டாம்.

அப்புறம் இ-சேவை மையத்தில் எல்லா வாரிசுகளின் பெயரோடும் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்கள். 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்கு இத்திட்டத்தில் கட்டுப்பாடு இருந்தாலும், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. எனவே புதுப் பட்டா, ஆதார், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இவற்றோடு நீங்களும் அம்மாவும் தனித்தனியாகப் பதியலாம்.

வட்டாட்சியர் பட்டா மாற்ற மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் அம்மா பெயரில் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு மனு கொடுங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமலே இலவச உதவி கிடைக்கும்.